ஊதாக் கண்ணாடிக்கு மூன்று ஓலை

எழுபத்தேழாம் வருஷப் புயலுக்கு மறுநாள் ஆடுதுறைக்குக் கிழக்கே ஒரு கம்பத்தில் ஏறியிருந்தேன். லைனில் கரண்ட் இல்லை என்று கீழே இருந்தவன் சொன்னான். லைன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பதினோராயிரம் வோல்ட் என் இடது கை வழியாக நுழைந்து, வலது கால் வழியாக வெளியேறி, குத்தாலம் வரைக்கும் போயிற்று. அன்று காலை நான் பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டிருந்தேன். சாயங்காலம் குத்தாலத்தில் விளக்குப் போட்டவர்கள் வீடெல்லாம் கருவாட்டு வாசனை என்று புகார் எழுதிக் கொடுத்தார்கள். பதினேழு கையெழுத்து. அதில் ஒருவர் ஐயர்.

அன்றிலிருந்து என் இடது கையில் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி கிடையாது. தீக்குச்சியைக் கொளுத்தி வைத்தாலும் தெரியாது. போன வருஷம் என் மனைவி செபஸ்தியம்மாள் செத்துப்போனபோது உடம்பு முழுக்க அந்த இரண்டு விரல் மாதிரி ஆகிவிட்டது. அடக்கத்துக்கு வந்தவர்களிடம் நான் இந்தக் கருவாட்டுக் கதையைத்தான் சொன்னேன். சிரித்தார்கள். அப்புறம் சிரித்ததற்காக வருத்தப்பட்டார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை.

நான் சவரிராஜ். முப்பத்தாறு வருஷம் லைன்மேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திருவிடைமருதூர் பக்கத்தில் வீடு. வீட்டில் இப்போது நானும் அறுபத்துமூன்று இன்சுலேட்டரும்தான். கம்பத்து உச்சியில் கம்பியைத் தாங்கிக்கொண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதுதான். உடைந்து கழித்ததை வாரியம் ஏலம் விடும்போது பணம் கட்டி, ரசீது வாங்கி எடுத்தவை. ரசீதெல்லாம் செபஸ்தியம்மாள் வைத்திருந்த இடத்தில் இருக்கின்றன. அந்த இடம் எது என்பது அவளுக்குத் தெரியும்.

அறுபத்திரண்டு பீங்கான். ஒன்று மட்டும் கண்ணாடி.

அந்தக் கண்ணாடி என்னிடம் வந்த கதையை நான் ஏழெட்டு விதமாகச் சொல்லியிருக்கிறேன். அதில் அதிகம் பேர் நம்பியது, காவிரியில் பிடித்த ஒரு விராலின் வயிற்றில் இருந்தது என்பது. நடந்தது இதுதான்: மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குப் போன ரயிலை எண்பத்தாறில் நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் பழைய தந்திக் கம்பத்துச் சாமான்களைக் குவித்து ஏலம் விட்டார்கள். குவியலுக்கு அடியில் இது கிடந்தது. செய்யும்போது வெள்ளைக் கண்ணாடியாக இருந்திருக்கும். சிலவகைக் கண்ணாடி வருஷக்கணக்காக வெயிலில் நின்றால் நிறம் மாறும். இது அறுபது எழுபது வருஷம் கடலோர வெயிலில் நின்று ஊதாவாகிவிட்டது, நாவல்பழம் தின்றவன் நாக்கு மாதிரி. இதுதான் உண்மை. இதை யாரும் நம்பியதில்லை.

என் மகள் பிரின்ஸிக்கு அப்போது பதினொரு வயது. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்று நடவு வயலைப் பார்ப்பாள். "அப்பா, எல்லாரும் கத்தரிக்கா நடறாங்கப்பா" என்பாள். அடுத்த வருஷம் கீழே போட்டு விளிம்பில் ஒரு சில்லு உடைத்தாள். செபஸ்தியம்மாள் அடிக்க வந்தபோது, உடைத்தது நான்தான் என்று சொன்னேன். அது நான் சொன்ன பொய்களில் சின்னது. அதைமட்டும் அவள் இரண்டு நாள் நம்பினாள்.

எழுபத்திரண்டு வயதாகிவிட்டது. எனக்குப் பிறகு இந்தக் கண்ணாடி காயலான் கடையில் எடைக்குப் போகும். அதற்குமுன் ஒரு நல்ல இடத்தில் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கடைத்தெருவில் நஃபீசா என்ற பெண் ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறாள். கூடவே வெளிநாட்டு போன் பூத்தும். அவள் கணவர் மலேசியாவில். முப்பத்தைந்து வயதுதான், ஆனால் ஒரு தாசில்தாருக்கு உரிய குரல். அவள்தான் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"ஐயா, இதை வாங்கறதுக்குன்னே அமெரிக்காவுல ஆளுங்க இருக்காங்க. சங்கம் வெச்சிருக்காங்க. வருஷா வருஷம் கூடி உக்காந்து இதையே பாத்துக்கிட்டிருப்பாங்களாம்."

"வேற வேலை?"

"உங்களுக்கு என்ன வேலை? அதே வேலைதான் அவங்களுக்கும்."

ஒரு ஏலத் தளத்தில் என் பேரில் கணக்குத் திறந்தாள். கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒன்பது படம் எடுத்தாள். விளிம்பில் இருந்த உடைசலையும் எடுக்கச் சொன்னேன். "குறையை யாராச்சும் படம் புடிச்சுப் போடுவாங்களா?" என்றாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைக்கக் கூடாது என்றேன். அதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள்.

பத்து நாளில் ஏலம் முடிந்தது. கேட்டிருந்த விலை என் பதினெட்டு மாதப் பென்ஷன். கேட்ட ஆள் பெயர் எல்மர் ஹோவிக், மினசோட்டா. நஃபீசா திரையைத் தொட்டுக் காட்டினாள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு பூஜ்யம்.

"இது என்னம்மா?"

"இதுக்கு முன்னாடி இவரு எதையும் இங்க வாங்கினதும் இல்ல, வித்ததும் இல்ல. இவரைப் பத்தி நல்லது கெட்டது சொல்ல ஆள் கிடையாது. புது ஆள்."

"எனக்கு எவ்வளவு போட்டிருக்கு?"

"உங்களுக்கும் பூஜ்யம்தான்." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, விளையாட்டில்ல. இந்த மாதிரி புது ஆளுங்க காசு கட்டுவாங்க. வந்துடுச்சுன்னு நமக்குக் காட்டும். நம்பிப் பொருளை அனுப்பிடுவோம். அது போய்ச் சேந்ததும் காசு திரும்பிப் போயிடும். நம்ம பொருளும் போச்சு, காசும் போச்சு. என் கடையிலயே ஒருத்தர் ரெண்டு வெள்ளிக் காசை அப்படித் தொலைச்சாரு."

பிரின்ஸி கனடாவிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழை உண்டா. இரண்டு நிமிஷம். அந்த ஞாயிறு நான் இதைச் சொன்னேன். கண்ணாடியை விற்கப் போகிறேன், வாங்குகிறவன் பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறது என்று.

பிரின்ஸி சொன்னாள்:

"அதையாவது நல்லா விசாரிச்சுக் குடுங்கப்பா."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அந்த 'அதையாவது' எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். இரண்டாயிரத்து ஒன்றில் அவளை நாங்கள் கட்டிக்கொடுத்தோம். பையன் கும்பகோணத்துக் குடும்பம், கனடாவில் வேலை. எங்கள் கத்தோலிக்கரில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை படிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று. பெண் வீட்டுக் கோயில், பையன் வீட்டுக் கோயில், இரண்டு பங்கிலும் படித்தார்கள். பையனுடைய ஞானஸ்நானச் சான்று வந்தது. அவனுக்கு முன் கல்யாணம் இல்லை என்று அவன் பங்குச் சாமியார் எழுதிய கடிதம் முத்திரையோடு வந்தது. எல்லாக் காகிதமும் சரி. பிரின்ஸி டொராண்டோவில் போய் இறங்கியபோது அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். நான்கு வயதில் ஒரு பையனும் இருந்தான். அவன்தான் இவளுக்குக் கதவைத் திறந்தானாம்.

எட்டே நாளில் வெளியே வந்துவிட்டாள். அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஊருக்கு வரவில்லை. அம்மா செத்தபோதும் வரவில்லை, விசாக் காகிதங்கள் பாதியில் நின்றன. எங்களைத் திட்டினதும் கிடையாது. ஏழு வருஷத்தில் அவள் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதையாவது.

திங்கட்கிழமை காலை நஃபீசா கடையைத் திறக்குமுன் நான் வாசலில் நின்றேன்.

"எழுதும்மா. அன்புள்ள எல்மருக்கு. நீங்க யாரு வீட்டுப் புள்ள, அப்பா என்ன செஞ்சாரு, எந்தப் பங்கு, சாமியார் பேரு என்ன?"

"அல்லாவே! ஐயா, அமெரிக்காக்காரன்கிட்ட யாரு வீட்டுப் புள்ளைன்னு எப்படிக் கேக்கறது? அதுக்கு அவங்க மொழியில வார்த்தையே இல்ல."

"அப்ப அவங்க எப்படிப் பொண்ணு குடுக்கறாங்க?"

"அவங்க குடுக்கறதில்ல. அதுங்களே போயிடும்."

இருந்தாலும் எழுதினாள். பதில் இரண்டு நாளில் வந்தது. ஆள் கோபத்தில் எழுதுவான் என்று எதிர்பார்த்தேன். எல்மர் வரிசையாக எழுதியிருந்தார். வயது அறுபத்தாறு. அப்பா பால்பண்ணை. தான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. மனைவி இறந்து மூன்று வருஷம். லுத்தரன் சபை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: சில ஆட்கள் சாதாரணக் கண்ணாடியை ஏதோ மருத்துவமனை இயந்திரத்துக்குள் வைத்து ஒரே ராத்திரியில் ஊதாவாக்கி விற்கிறார்கள். உங்களுடையது வெயிலில் ஆனதுதானா? உங்களைப் பற்றிச் சொல்லவும் யாரும் இல்லையே, நான் எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. விரால் கதையை எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு உண்மையைச் சொல்லி எழுதச் சொன்னேன். என் நாக்குக்கு அது பழக்கமில்லாத சமையல் மாதிரி இருந்தது. கூடவே, உங்கள் பங்குச் சாமியாரிடம் ஒரு நடத்தைச் சான்று வாங்கி அனுப்பவும் என்று சேர்த்தேன்.

வந்தது. சபையின் தாளில், பாஸ்டர் கையெழுத்தோடு. நஃபீசா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்: "எல்மர் ஹோவிக்கை முப்பத்தோரு வருஷமா எனக்குத் தெரியும். ஞாயிறு தவறாம வருவார். பின்வரிசையில உக்காருவார். அவருக்குப் பாட்டு வராது, ஆனா பாடுவார். தொண்ணூத்தாறுல என் ஏணியை இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுத்தார்."

"போதும்மா" என்றேன்.

"ஒரு ஏணியை நம்பியா?"

"எங்கிட்ட வாங்கிட்டுப் போன ஏணி மூணு இன்னும் வரல."

இனி ஓலைதான் பாக்கி. எங்கள் கோயில் ஃபாதர் சின்ன வயசுக்காரர், ரோமாபுரியில் படித்தவர். அவரிடம் கேட்டால் படிக்க மாட்டார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. கோயில் வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட பலகை ஒன்று உண்டு. ஓலை படித்த பிறகு அதை அங்கே ஒட்டுவார்கள். சனிக்கிழமை போய் நானே ஒட்டினேன். உண்மையான இரண்டு ஓலைக்கு நடுவில்.

மணமகன்: திரு. எல்மர் ஹோவிக், வயது 66, மினசோட்டா, அமெரிக்கா, பஸ் ஓட்டுநர், லுத்தரன். மணமகள்: ஊதாக் கண்ணாடி, வயது சுமார் 90, இவ்வூர் சவரிராஜ், காலஞ்சென்ற செபஸ்தியம்மாள் ஆகியோரின் வளர்ப்பு மகள், விளிம்பில் சிறு உடைசல் உண்டு. முதல் ஓலை. தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

முதல் ஞாயிறு பலகைக்கு முன்னால் கூட்டம். பாட்டுக் குழுவில் பாடுகிற அம்மாள் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "என்னங்க லைன்மேன், மாப்பிள்ளையை விடப் பொண்ணு இருபத்துநாலு வயசு மூப்பா?" என்றாள்.

"மாப்பிள்ளைக்குக் கண்பார்வை மட்டு."

"லுத்தரன்னு போட்டிருக்கு. கலப்பு விவாகம். ஆயர்கிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

"எழுதியிருக்கேன். ஆயர் கண்ணாடியை நேர்ல பாக்கணும்ங்கறாரு."

ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். "பெரியவரே, இது என்ன விளையாட்டு?" என்று கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. "எடுத்துடச் சொல்றேன்" என்றார். எடுக்க வேண்டியது உபதேசியார் ரெமிஜியஸ். நாற்பது வருஷமாகக் கோயிலில் ஓலை படிக்கிறவன், பதிவேடு எழுதுகிறவன், மணியடிக்கிறவன், எல்லாம் அவன்தான். அவன் எடுக்கவில்லை. ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு ஒரு தடை வந்தது. டீக்கடை மருதையன், அவன் கோயில் வேறு, இருந்தாலும் மெனக்கெட்டு வந்து சொன்னான்: "ஐயா கண்ணாடியைப் பீட்ரூட் சாறுல ஊற வெச்சாருன்னு ஒரு பேச்சு இருக்கு."

"யாரு சொன்னா?"

"நீங்கதாங்க. தொண்ணூத்தெட்டுல. என் கடையில உக்காந்து."

அதைத் தள்ளுபடி செய்தேன்.

அந்த வாரம் எல்மர் பணம் கட்டினார். வந்துவிட்டதாகத் திரை காட்டியது. நான் பெட்டி தயார் செய்தேன். பிஸ்கட் அட்டைப்பெட்டி. உள்ளே சுற்றிப் பொதிய நயமான துணி வேண்டியிருந்தது. செபஸ்தியம்மாளின் சேலைகளில் ஒன்றை எடுத்தேன். மஞ்சளில் கறுப்புக் கட்டம் போட்டது, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனது. அதை இரண்டாகக் கிழித்தேன். கிழிக்கும்போது ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நேராகக் கிழிந்தது. எல்மர் விலாசத்தை எழுதி ஒட்டினேன். மூன்றாம் ஓலை முடிந்ததும் அனுப்புவதாகத் திட்டம்.

மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, ரெமிஜியஸ் பின்னாலேயே வந்து நின்றான். அவனுக்கு அறுபத்தெட்டு வயது. என்னை அண்ணே என்பான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தடை இருக்குண்ணே" என்றான்.

"பீட்ரூட்டா?"

"இந்த ஓலைக்கு இல்லண்ணே."

பையிலிருந்து ஒரு உறையை எடுத்தான். பழுத்துப்போன உறை. கனடா தபால்தலை. ராணி படம். உறை ஒரு பக்கம் கிழித்துத் திறந்திருந்தது. பங்குத்தந்தைக்கு என்று விலாசம். முத்திரையில் தேதி: ஆகஸ்ட் 2001.

"கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி வந்துச்சு. பழைய சாமியார் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில இருந்தாரு. நாந்தான் பிரிச்சேன். இங்கிலீசு. உள்ள ஒரு போட்டோ. அந்தப் பையன், ஒரு பொம்பள, ஒரு புள்ள. எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராதுண்ணே. ஆனா போட்டோவுக்கு என்ன இங்கிலீசு வேணும்?"

முத்திரைத் தேதியை இன்னொரு தடவை படித்தேன்.

"பந்தல் போட்டாச்சு. அண்ணி வந்து பீடத்துக்குப் பூவுக்குச் சொல்லிட்டுப் போனாங்க, அன்னிக்குத்தான். மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. பொறாமை புடிச்ச எவனாவது மொட்டைக் கடுதாசி போடுவான், எல்லாக் கல்யாணத்துக்கும் வரும், வந்திருக்கு. அப்படின்னு வெச்சுக்கிட்டேன். மூணு ஓலையும் நாந்தான் படிச்சேன், தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு. தெரிஞ்சவன் நானே." மூச்சு வாங்கினான். "ஞானஸ்நானப் புத்தகத்துல கடைசிப் பக்கத்துல சொருகினேன். ஏழு வருஷம். ஒவ்வொரு குழந்தைப் பேரு எழுதும்போதும் அந்தப் பக்கம் இருக்குன்னு தெரியும். நீங்க இந்த ஓலையை ஒட்டினீங்க. என்னை நினைச்சுத்தான் ஒட்டினீங்கன்னு நெனச்சேன்."

"உன்னை நினைக்கலப்பா. எல்மரை நினைச்சேன்."

அவன் அழ ஆரம்பித்தான். பெரிய உடம்பு, சத்தமில்லாமல் குலுங்கியது. நான் உறையை வாங்கினேன். இடது கையில் வாங்கினேன் போலிருக்கிறது, இருப்பது தெரியவில்லை. வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

"என்னைத் திட்டுங்கண்ணே."

"வரலப்பா. வந்தா சொல்லி அனுப்பறேன்."

"அடிக்கவாவது செய்யுங்க."

"காப்பி குடிக்கிறியா?"

வேண்டாம் என்றான். ஆனால் போகவும் இல்லை. அவன் அழுகை நிற்க வேண்டும் என்பதற்காகக் குத்தாலத்துக் கருவாட்டு விஷயத்தைச் சொன்னேன். நாற்பது தடவை கேட்டவன். பதினேழு கையெழுத்து என்று நான் சொல்லும் இடத்தில் வழக்கமாக, "பதினாறுண்ணே, ஒண்ணு கைநாட்டு" என்பான். அன்றும் அவன் வாய் தானாக அதைச் சொல்லிற்று. சொல்லிவிட்டு இன்னும் அதிகமாக அழுதான். பிறகு எழுந்து போனான்.

பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன். உறைக்குள் இருந்ததை எடுத்துப் பார்க்கவில்லை. ஒன்றுமட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எல்மரின் பாஸ்டரைக் கேட்டாயிற்று. ஊரைக் கேட்டாயிற்று. டீக்கடைவரை கேட்டாயிற்று. முன்னேயும் அப்படித்தான், இரண்டு பங்கைக் கேட்டோம், நான்கு சாமியார்களைக் கேட்டோம். பிரின்ஸியிடம் பையன் படத்தைக் காட்டினோம். காட்டினோம், அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு நஃபீசா கடைக்குப் போனேன். டொராண்டோவில் அப்போது காலை. ஏழு வருஷத்தில் நானாக அவளுக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா? என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. மூணு ஓலையும் முடிஞ்சுது."

"எந்த ஓலை?"

சொன்னேன். பலகை, வயது தொண்ணூறு, ஆயர், பீட்ரூட். அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம், லைன் இரைச்சலாகவும் இருக்கலாம். முப்பத்தாறு வருஷம் லைனில் வேலை பார்த்தவன், எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஆளு எப்படிப்பா?"

"ஏணியைத் திருப்பிக் குடுக்கறவரு. நல்லா விசாரிச்சேன். எல்லாரையும் கேட்டேன். உன்னை மட்டும் கேக்கல. உனக்கு இதுல ஏதாவது தடை இருக்காம்மா?"

பூத்தில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நஃபீசா எட்டி அந்த மீட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"இருக்குப்பா" என்றாள் பிரின்ஸி.

"சரி."

"என்ன தடைன்னு சொல்லணுமா?"

"வேணாம். இருக்குன்னா போதும்." பிறகு சொன்னேன். "இன்னொண்ணு. உன் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி அங்கேருந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. அந்தப் பொண்ணு எழுதினதா இருக்கும். ரெமிஜியஸ் மறைச்சு வெச்சிருந்தான். இன்னிக்குக் கொண்டாந்து குடுத்தான்."

ரிசீவரை வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்பா, இது உங்க கதை இல்லையே?"

"இல்லம்மா."

"படிச்சீங்களா?"

"இல்ல."

"படிக்காதீங்க. எனக்கு அனுப்புங்க." பிறகு கேட்டாள். "அம்மாவுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"சரிப்பா. மாத்திரை போட்டுக்குங்க."

திங்கட்கிழமை பெட்டியைப் பிரித்தேன். கண்ணாடியைத் திருப்பினால் உள்ளே குழி இருக்கும், கம்பத்து இரும்பு முளை உட்காருகிற இடம். உறையை நீளவாக்கில் சுருட்டினால் அதற்குள் சரியாக நின்றது. மஞ்சள் சேலையால் பழையபடி சுற்றினேன். எல்மர் விலாசத்தின்மேல் பிரின்ஸி விலாசத்தை ஒட்டினேன். போஸ்ட் ஆபீசில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். கண்ணாடி என்றேன். மதிப்பு என்ன என்றார்கள். விற்பனைக்கில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லையாம்.

பிறகு நஃபீசா எல்மருக்கு எழுதினாள். பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம், பெண்ணுக்குச் சம்மதமில்லை, மன்னிக்கவும். மறுநாளே பதில் வந்தது. தனக்கு வருத்தம்தான் என்றும், பெண் மாட்டேன் என்று சொன்னால் தங்கள் சபையிலும் அதற்குமேல் பேச்சில்லை என்றும் எழுதியிருந்தார். பாஸ்டருக்கு நான் எழுதச் சொன்ன வணக்கம் போய்ச் சேர்ந்ததாம். விலாசம் தந்தால் தன்னிடம் இரண்டாக உள்ள ஒரு பச்சைக் கண்ணாடியைச் சும்மா அனுப்புகிறாராம்.

"பூஜ்யம்னு சொன்னியேம்மா" என்றேன் நஃபீசாவிடம்.

அவள் கேட்கவில்லை. முகம் சிவந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, இங்க பாருங்க அநியாயத்தை. ஏலம் எடுத்தவருக்குப் பொருளைக் குடுக்கலைன்னு அந்தத் தளமே உங்க பேர்ல ஒரு கறுப்புப் புள்ளி போட்டுடுச்சு. மைனஸ் ஒண்ணு. 'இந்த விற்பனையாளர் நம்பத்தகுந்தவர் அல்லர்'னு எழுதியிருக்கு. நான் எழுதிக் கேக்கறேன். விட மாட்டேன்."

"விடும்மா. அதை ஒரு பிரிண்ட் போட்டுக் குடு. தமிழ்லயும் எழுதிக் குடு."

பெட்டி போய்ச் சேர இருபத்தொரு நாள் ஆகும் என்றார்கள். இன்றைக்குப் பதினாறு. பிரின்ஸி இன்னும் போன் செய்யவில்லை, முதல் ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ரெமிஜியஸ் தினமும் வந்து வாசலில் நிற்கிறான், திட்டு வந்துவிட்டதா என்று பார்க்க. இன்னும் வரவில்லை. போன வாரம் ஒரு ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனான். அது என்னுடையது இல்லை.

அந்தப் பிரிண்டைக் கோயில் பலகையில் பழைய ஓலை இருந்த இடத்தில் ஒட்டியிருக்கிறேன். இவ்வூர் சவரிராஜ், வயது 72, நம்பத்தகுந்தவர் அல்லர். தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. இதுவரை யாரும் வரவில்லை.